சாலையில் எங்களுக்கும் இடம் உண்டு

(பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில்)

ஜூன் மாதம் பிறந்தால் எங்கள் பகுதியில் பள்ளிக்கூடமும் சாரலும் ஒன்றாகவே தொடங்குகின்றன. நாங்கள் புதுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருக்கும் நாள்களில், மலையின் மேல் மேகம் கவிந்து, பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் தண்ணீர் கொட்டத் தொடங்கும். "சீசன்" என்று ஒரே சொல்லில் இதை நாங்கள் சொல்வோம். தமிழ்நாட்டின் பல மூலைகளிலிருந்தும், மலைக்கு அப்பாலுள்ள கேரளத்திலிருந்தும் கார்களும் வேன்களும் பேருந்துகளும் சாரை சாரையாக வரும். வருகிறவர்களை முகமலர்ந்து வரவேற்பது எங்கள் ஊரின் பண்பு. எங்களில் சிலருடைய வீட்டில் அடுப்பு எரிவதே அந்த மூன்று மாத வருமானத்தால்தான். ஆகவே விருந்தினர் மீது எங்களுக்கு யாதொரு வருத்தமும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

ஆனால் அவர்கள் அருவிக்குப் போகும் சாலையும் நாங்கள் பள்ளிக்கு வரும் சாலையும் ஒன்றே. குற்றாலம், இலஞ்சி, மேலகரம் ஆகிய ஊர்களிலிருந்து தென்காசிக்கு வரும் எங்களில் பலர் சைக்கிளில்தான் வருகிறோம். இருபுறமும் பச்சை வயல், மாலையில் வீடு திரும்பும்போது எதிரே மலை, முகத்தில் சாரல். இப்படியொரு சாலையில் பள்ளிக்குப் போய்வரும் பேறு எத்தனை பேருக்குக் கிடைக்கும்! அந்தப் பேறே இப்போது எங்களுக்கு ஒரு கவலையாகிவிட்டது. அதைப் பற்றித்தான் இக்கட்டுரையில் எங்கள் கருத்தைச் சொல்ல விரும்புகிறோம்.

கடந்த ஜூலை மாதத்தில் ஒரு நாள் காலை. ஒன்பதாம் வகுப்புத் தங்கை ஒருத்தி எங்களுக்கு முன்னால் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தாள். வீட்டில் சொல்லிக் கொடுத்தபடியே தார் முடியும் விளிம்பை ஒட்டி, ஓரத்திலும் ஓரமாகப் போனாள். பின்னால் ஒரு சுற்றுலா வேன் வந்தது. எதிரே பேருந்து வந்தது. இரண்டுக்கும் நடுவில் நுழைந்து போய்விடலாம் என்று வேன்காரர் நினைத்திருக்க வேண்டும். ஹார்னை விடாமல் அடித்தபடி அவளை உரசுவதுபோல் கடந்தார். அவள் பதறி ஹேண்டில்பாரை இடப்பக்கம் ஒடித்தாள். மழைநீர் நிறைந்த பள்ளம் கண்ணுக்குத் தெரியவில்லை. அடுத்த நொடி சைக்கிள் ஒரு பக்கம், பை ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். வேன் நிற்கவில்லை. எதிர்க்கடை அண்ணாச்சிதான் ஓடி வந்து தூக்கி, "ஒண்ணுமில்ல தாயி, தண்ணி குடி" என்று சொல்லித் தம் துண்டைக் கிழித்துக் கட்டி, ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு அனுப்பினார். நல்ல சமாரியன் உவமையை நாங்கள் புத்தகத்தில் படித்திருந்தோம். அன்றுதான் கண்ணால் கண்டோம்.

வலக்கை எலும்பு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த மாதத் தேர்வை அவளால் எழுத முடியவில்லை. இப்போது கை குணமாகிவிட்டது. ஆனால் அவள் தந்தை அவளைச் சைக்கிளில் அனுப்ப மறுக்கிறார். ஆட்டோவுக்கு மாதாமாதம் கொடுக்க அவரிடம் வசதியில்லை. சீசன் கூட்டத்தில் டவுன் பஸ் நிறைந்து வழிகிறது. பல நாள் முதல் பாடவேளை முடிந்த பிறகே அவள் வகுப்புக்கு வந்து சேர்கிறாள்.

இதன்பின் நடந்த பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில், சீசன் முடியும்வரை மாணவியர் சைக்கிளில் வருவதையே நிறுத்திவிடலாம் என்று பெற்றோர் சிலர் யோசனை கூறினார்கள். எங்கள் மேலுள்ள பாசத்தால்தான் அப்படிச் சொன்னார்கள் என்பதை நாங்கள் நன்கு அறிவோம். தலைமைச் சகோதரி உடனே முடிவு சொல்லவில்லை. "பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள் என்றும் கேட்போம்" என்றார்கள். இக்கட்டுரை அதற்கு எங்கள் பணிவான விடை.

எங்கள் கருத்து இதுதான்: குறுகலான, அழகான இத்தகைய சாலைகளில் சைக்கிளில் போகிறவருக்குத் தம் பக்கத்துத் தடம் முழுவதையும் பயன்படுத்த உரிமை வேண்டும். இடப்புறத் தடத்தின் விளிம்பில் பயந்து ஒண்டாமல் அதன் நடுவில் போகலாம். பின்னால் வரும் வாகனம் எதிர்த்தடம் காலியாகும்வரை பொறுத்து, பிறகு முந்திச் செல்ல வேண்டும்.

கேட்டவுடன், "இதென்ன விபரீதம்! பெண் பிள்ளைகள் நடுச்சாலையில் போவதா?" என்று தோன்றும். எங்களுக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆகவே ஒரு சோதனை செய்து பார்த்தோம். விளையாட்டு ஆசிரியையிடம் அளவு நாடாவும் சுண்ணாம்புக் கட்டியும் வாங்கிக்கொண்டு, மைதானத்தில் ஒரு சாலையை வரைந்தோம். அவ்வழியே வந்த சிஸ்டர் ஒருவர், "கோலப் போட்டியா பிள்ளைகளா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டு, பின் எங்களோடு நின்றுவிட்டார்கள்.

நம் நாட்டில் இருவழிச் சாலையின் வழக்கமான தார்ப்பரப்பு 7 மீட்டர் அகலம். அப்படியானால் ஒரு தடம் 3.5 மீட்டர். அதைக் கோடு போட்டோம். விளிம்பின் உடைசலிலும் சேற்றிலும் சக்கரம் மாட்டாமல் இருக்கச் சைக்கிள் குறைந்தது அரை மீட்டர் உள்ளே தள்ளிப் போக வேண்டும். ஹேண்டில்பாரின் அகலம் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர். ஆக, விளிம்பிலிருந்து 1.1 மீட்டரைச் சைக்கிள் எடுத்துக்கொள்கிறது. மிச்சம் 2.4 மீட்டர். சாதாரணக் கார் ஒன்றின் அகலம் ஏறக்குறைய 1.75 மீட்டர். கார் தன் தடத்துக்குள்ளேயே முந்திப் போனால் காருக்கும் எங்கள் முழங்கைக்கும் நடுவே 65 சென்டிமீட்டர்தான் மிஞ்சும். பேருந்தின் அகலமோ 2.5 மீட்டர். அதை வரைந்தபோது அது எங்கள் சைக்கிளின் மேலேயே ஏறி நின்றது! எங்களுள் ஒருத்தி சைக்கிளில் ஏறி, சுண்ணாம்புப் பேருந்துக்குப் பக்கத்தில் நின்று காட்டினாள். சிரித்துக்கொண்டிருந்த நாங்கள் அத்தோடு சிரிப்பை நிறுத்திவிட்டோம்.

ஒன்றரை மீட்டர் இடைவெளி விட்டு முந்த வேண்டுமானால் கார் நடுக்கோட்டைத் தாண்டி 85 சென்டிமீட்டர் எதிர்த்தடத்துக்குப் போயே ஆக வேண்டும். அதாவது, சைக்கிள் ஓரத்தில் போனாலும் சரி, நடுவில் போனாலும் சரி, பாதுகாப்பாக முந்துவதற்குக் கார் எதிர்த்தடத்தைப் பயன்படுத்தத்தான் வேண்டும். அப்படியிருக்க, நாங்கள் ஓரத்தில் ஒண்டுவதால் கிடைக்கும் பயன் என்ன? "நுழைந்து போய்விடலாம்" என்னும் ஆசையை வண்டியோட்டிக்கு உண்டாக்குவது ஒன்றுதான். தடத்தின் நடுவில் போனால், இப்போது முந்த முடியாது, பொறுக்க வேண்டும் என்பது தொலைவிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். எங்கள் தங்கை ஓரமாகப் போகாததால் விழவில்லை. மிகவும் ஓரமாகப் போனதால்தான் விழுந்தாள்.

"பின்னால் வருகிறவர்களின் நேரம் வீணாகாதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதையும் கணக்குப் போட்டோம். முந்த இடமில்லாத 300 மீட்டர் தூரத்துக்கு ஒரு கார் எங்கள் பின்னால் வருவதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் நாங்கள் அதைக் கடக்க 72 வினாடி ஆகும். மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் கார் கடந்திருந்தால் 24 வினாடி. இழப்பு 48 வினாடி. அருவியில் குளிக்க வரிசையில் அரை மணி நேரம் மகிழ்ச்சியோடு நிற்கிறவர்கள், ஒரு பள்ளி மாணவிக்காக ஒரு நிமிடம்கூட ஆகாத இந்த நேரத்தைத் தரக்கூடாதா?

"சைக்கிளுக்குச் சாலை வரி இல்லையே, வரி கட்டுகிறவர்களுக்குத்தானே சாலை?" என்று கேட்பவர்களும் உண்டு. சோப்பு வாங்கினாலும் செருப்பு வாங்கினாலும் எங்கள் பெற்றோர் வரி கட்டத்தான் செய்கிறார்கள். சாலை எல்லாருடைய பணத்திலும் போடப்பட்டது. சரித்திரத்தைப் பார்த்தாலும் சைக்கிள் சாலைக்குப் புதிதாக வந்த விருந்தாளி அல்ல. காற்றடைத்த டயரை டன்லப் என்பவர் 1888இல் காப்புரிமை பெற்று உலகுக்கு அளித்தார். அதை அவர் முதலில் செய்து பார்த்தது தம் சிறு மகனின் மூன்று சக்கர மிதிவண்டிக்காக. இன்று எங்களை உரசிப் போகும் கார்கள் ஓடுவதும் அத்தகைய டயரின் மேல்தான். அமெரிக்காவில் மோட்டார் கார் பெருகுவதற்கு முன்பே, நல்ல சாலைகள் வேண்டுமென்று ஊர் ஊராகக் குரல் கொடுத்தவர்கள் 1880இல் சங்கம் அமைத்த சைக்கிள்காரர்கள்.

பிற நாடுகளில் இதற்கு என்ன செய்திருக்கிறார்கள்? அமெரிக்காவின் மிசிசிப்பி, அலபாமா, டென்னசி மாநிலங்களின் வழியே நாச்செஸ் டிரேஸ் என்னும் எழில்மிகு சாலை ஏறக்குறைய 715 கிலோமீட்டர் நீளத்துக்குச் செல்கிறது. தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பிலுள்ள அச்சாலையில் சரக்கு லாரிகளுக்கு இடமில்லை. சைக்கிள் தடம் முழுவதையும் பயன்படுத்தலாம் என்று எழுதிய பலகைகளை அங்கே வைத்திருக்கிறார்கள். அப்பலகை 2009இல் அந்நாட்டின் சாலைக் குறியீட்டு நூலிலேயே சேர்க்கப்பட்டது. நம்மைப் போலவே இடப்புறம் செல்லும் பிரிட்டனில் 2022 ஜனவரியில் சாலை விதிநூல் திருத்தப்பட்டது. அமைதியான சாலைகளிலும் சாலை குறுகும் இடங்களிலும் சைக்கிளில் செல்வோர் தடத்தின் நடுவில் செல்லும்படி அது அறிவுறுத்துகிறது. முந்தும் வாகனம் குறைந்தது ஒன்றரை மீட்டர் விலகிப் போக வேண்டும் என்றும் சொல்கிறது. பிரான்சு நாட்டில் சைக்கிளை முந்தும்போது ஊருக்குள் 1 மீட்டரும், ஊருக்கு வெளியே ஒன்றரை மீட்டரும் விலக வேண்டும் என்பது சட்டம்.

நம் நாடும் இதில் வாய்மூடி இருந்துவிடவில்லை. 2017இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் விதிகள், நடந்து செல்வோர், சைக்கிளில் செல்வோர், குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் பாதுகாப்பில் வாகன ஓட்டி தனிக்கவனம் செலுத்த வேண்டும் என்று கூறுகின்றன. ஆனால் எத்தனை மீட்டர் விலக வேண்டும், சைக்கிள் தடத்தின் எந்தப் பகுதியில் போகலாம் என்பது சாலையில் எல்லாரும் பார்க்கும்படி எழுதி வைக்கப்படவில்லை. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதிப் பார்த்தபோது எங்களுக்குப் பேச்சு எழவில்லை.

எழில்மிகு சாலைக்கு மட்டும் ஏன் இந்தத் தனி உரிமை என்று ஒரு தோழி கேட்டாள். பொருள்களை விரைவாகக் கொண்டு சேர்ப்பதற்கென்றே நெடுஞ்சாலைகள் இருக்கின்றன. அங்கே வேகத்துக்கு ஒரு நியாயம் உண்டு. ஆனால் அழகைக் காண்பதற்கென்று வருகிற சாலையில் வேகத்துக்கு என்ன வேலை? 18ஆம் நூற்றாண்டில் மேலகரத்தில் வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் இந்த மலையையும் அருவியையும் குற்றாலக் குறவஞ்சியில் பாடி வைத்தார். நின்று நிதானித்துப் பார்த்த கண்களால்தான் அப்படிப் பாட முடியும். ஜன்னலை ஏற்றிவிட்டு, ஹார்ன் அடித்துக்கொண்டு பறப்பவர்கள் அருவியைப் பார்க்கலாம். அருவிக்குப் போகும் வழியைப் பார்ப்பதில்லை. எங்கள் பின்னால் ஒரு நிமிடம் மெதுவாக வந்தால் வயலில் மேயும் கொக்கையும், மலைமுகட்டில் தொங்கும் மேகத்தையும் அவர்களும் காணலாமே!

சைக்கிள் எங்களுக்கு விளையாட்டுப் பொருள் அன்று என்பதையும் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்துக் கற்றுக்கொண்ட கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். தண்ணீர் எடுக்கவும், சந்தைக்குப் போகவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும் எவர் தயவையும் எதிர்பாராமல் அவர்கள் போனார்கள். பள்ளி மாணவியருக்கு மிதிவண்டி வழங்கும் திட்டத்தை நம் மாநில அரசு 2001-2002 கல்வியாண்டில் தொடங்கி, பின்னர் விரிவுபடுத்தியது. அடுத்த ஆண்டு நாங்கள் 11ஆம் வகுப்புக்குப் போகும்போது எங்களுக்கும் விலையில்லா மிதிவண்டி கிடைக்கும். சைக்கிளைக் கையில் கொடுத்துவிட்டு, அதை ஓட்டச் சாலையில் இடமில்லை என்றால் அது திண்ணையில் நின்று துருப்பிடிப்பதைத் தவிர வேறென்ன செய்யும்?

உரிமையைக் கேட்கிறவர்கள் கடமையை மறக்கலாகாது. ஆகவே எங்கள் குறைகளையும் மறைக்காமல் ஒப்புக்கொள்கிறோம். கதை பேசிக்கொண்டே மூன்று பேர் கைகோத்தாற்போல் சாலையை அடைத்துக்கொண்டு போகிறோம். கேரியரில் தோழியை ஏற்றிக்கொள்கிறோம். கைகாட்டாமல் திடீரென்று வலப்பக்கம் திரும்புகிறோம். எங்களில் சிலருடைய சைக்கிளில் பெல் அடிக்காது. சிலருடைய சைக்கிளில் பிரேக்கே பிடிக்காது. இவற்றை வைத்துக்கொண்டு வேன்காரரை மட்டும் குற்றம் சொல்வது முறையன்று.

எனவே எங்கள் வகுப்பில் நாங்களே சில விதிகளை வகுத்துக்கொண்டிருக்கிறோம். முந்த இடமில்லாத இடத்தில் தடத்தின் நடுவில், ஒருவர் பின் ஒருவராகப் போவோம். சாலை அகலமாகும் இடம் வந்ததும் இடப்பக்கம் ஒதுங்கி, காத்திருந்த வாகனங்களுக்குக் கைகாட்டி வழிவிடுவோம். ஆம்புலன்ஸ் ஒலி கேட்டால் உடனே இறங்கி நிற்போம். பின்புறம் சிவப்பு ரிஃப்ளெக்டரும், மாலை இருட்டினால் விளக்கும் இல்லாமல் சாலைக்கு வரமாட்டோம். பொறுத்து வந்த வண்டியோட்டிக்கு ஒரு புன்னகையோ வணக்கமோ தருவோம். உரிமை என்பது பிறரை மறித்து நிற்பதற்கு அன்று, பிறரோடு சேர்ந்து போவதற்கே என்பதை நாங்கள் உணர்ந்திருக்கிறோம்.

பொறுப்பில் உள்ளவர்களுக்கும் எங்கள் வேண்டுகோள் சில உண்டு. சீசன் மாதங்களில் இச்சாலைகளில் வேக வரம்பைக் குறைத்து வைக்கலாம். "சைக்கிள் செல்வோர் தடம் முழுவதையும் பயன்படுத்தலாம், பொறுத்து, விலகி முந்துக" என்று தமிழிலும் மலையாளத்திலும் பலகைகள் வைக்கலாம். பள்ளி விடும் நேரத்தில் குறுகலான இடங்களில் ஒரு காவலர் நிற்கலாம். தார் விளிம்பில் உள்ள பள்ளங்களை மழைக்கு முன்பே மூடலாம். இவற்றில் எதுவும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியம் அன்று.

அன்புள்ள பெற்றோரே! "ஓரமாகப் போ" என்று நீங்கள் சொல்லும்போது "பத்திரமாகப் போ" என்றுதான் சொல்கிறீர்கள். ஆனால் அவை இரண்டும் எப்போதும் ஒன்றல்ல என்பதை எங்கள் சுண்ணாம்புக் கோடு காட்டிவிட்டது. உங்களில் பலர் நீங்களே காரும் ஸ்கூட்டரும் ஓட்டுகிறவர்கள். வேறு ஊரில் யாரோ ஒரு மாணவி உங்கள் முன்னால் சைக்கிளில் போவாள். அவளுக்கு நீங்கள் பொறுத்து வழிவிட்டால், நம் ஊரில் உங்கள் மகளுக்கு யாரோ ஒருவர் பொறுத்து வழிவிடுவார்.

மதிப்பிற்குரிய அருட்சகோதரியரே! எங்கள் சைக்கிள்களை நிறுத்தச் சொல்லாதீர்கள். மைதானத்தில் ஒரு சனிக்கிழமை எங்களுக்குச் சாலையைக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். மேலே கண்ட வேண்டுகோள்களை மனுவாக எழுதி உரியவர்களிடம் தர எங்களோடு வாருங்கள்.

அந்த ஒன்பதாம் வகுப்புத் தங்கையின் சைக்கிளை எங்கள் வகுப்பினர் சேர்ந்து பழுது பார்த்துவிட்டோம். வளைந்த சக்கரம் நேராகிவிட்டது. புது பெல்லும் மாட்டியாயிற்று. அவள் தந்தை மட்டும் இன்னும் சம்மதிக்கவில்லை. அவரிடம், "நாங்கள் நால்வர் அவளுக்கு முன்னும் பின்னும் வருகிறோம், மாமா" என்று சொல்லியிருக்கிறோம். "யோசிச்சுச் சொல்றேம்மா" என்றிருக்கிறார். அடுத்த சாரல் வருவதற்குள் அவர் சம்மதிக்க வேண்டும். அவர் நம்பும்படியான சாலையாக நம் சாலை ஆக வேண்டும். அதற்கு நாம் அனைவரும் துணை நிற்போமாக!